கோழிக்குக் கணக்கு, பூனைக்குக் கருணை

பூனைக்கு என்ன ஆகாரம் கொடுப்பது என்று படித்தவர் ஒருவரிடம் போய்க் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று நான் சொன்னால், என் நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, 'இவனுக்கு என்ன ஆயிற்று?' என்பது போல் ஒரு பார்வை பார்க்கிறார்கள். 'பூனைக்குச் சோறு போடத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? அதற்கு ஒரு நிபுணரா? அவருக்கு ஒரு பீஸா?' என்று கேட்கிறார்கள். சிரிப்பவர்களில் ஒருவரும் கெட்டவர் அல்லர். எல்லாரும் பூனையிடம் பிரியம் உள்ளவர்கள்தாம். அந்தப் பிரியத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே யாரும் கோழியைத் தூக்கிக் கொஞ்சுவதில்லை. அதற்குப் பெயர் வைப்பதும் இல்லை. ஆனால் அந்தக் கோழி தின்னும் ஒவ்வொரு பிடி தீவனத்துக்கும் கணக்கு இருக்கிறது. குஞ்சுக்கு ஒரு கலவை, வளரும் கோழிக்கு ஒரு கலவை, முட்டையிடத் தொடங்கிவிட்டால் வேறொரு கலவை. மக்காச்சோளம் இத்தனை, சோயாப் பிண்ணாக்கு இத்தனை, முட்டையின் ஓடு கெட்டியாக இருப்பதற்குச் சுண்ணாம்புக் கல் இத்தனை. லைசின், மெத்தியோனின் என்று நம் வாயில் நுழையாத பெயருள்ள சத்துக்கள் இத்தனை என்று நிறுத்துக் கலக்கிறார்கள். கறிக்கோழியின் சங்கதி இன்னும் நுட்பமானது. சுமார் 6 வாரத்தில் 2 கிலோ எடை ஏற வேண்டும். தீவனத்தில் ஒரு சத்துக் குறைந்தாலும் முதலாளிக்கு நஷ்டம். ஆகவே அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், கல்லூரி இருக்கிறது, பரிசோதனைச் சாலை இருக்கிறது.

அறுபட்டுத் தட்டுக்கு வரப்போகிற கோழிக்கு இத்தனை கணக்கு. மடியில் போட்டுக்கொண்டு, 'இது எங்கள் வீட்டுக் குழந்தை' என்று நாம் சொல்லுகிற பூனைக்கோ, நாம் தின்பதில் ஒரு பிடி! காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. கோழி காசு தருகிறது, பூனை தருவதில்லை. காசு வருகிற இடத்தில் நாம் அறிவைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறோம். காசு வராத இடத்தில், 'அன்பு இருந்தால் போதும்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம். அன்பு என்ற சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவழிக்கிற இந்த வழக்கத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

உடனே பாட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 'எங்கள் பாட்டி தயிர்சாதம் போட்டுத்தான் பூனை வளர்த்தாள். அது பதினைந்து வருஷம் திடமாக இருந்தது. எந்த நிபுணர் வந்தார்?' என்பார்கள். பாட்டியின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பாட்டியின் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பூனை எங்கே போயிற்று என்பதை யாரும் சொல்லுவதில்லை. அது கொல்லைப்புறம் போயிற்று, வைக்கோற்போரில் ஏறிற்று, பரண்மேல் புகுந்தது. எலி, சுண்டெலி, ஓணான், பல்லி, வெட்டுக்கிளி, அணில், குருவிக் குஞ்சு என்று அகப்பட்டதையெல்லாம் தின்றது. ஓர் எலி என்பது வெறும் மாமிசம் அல்ல. அதில் எலும்பு இருக்கிறது, ஈரல் இருக்கிறது, இருதயம் இருக்கிறது, குடலும் கொழுப்பும் ரத்தமும் இருக்கின்றன. பூனையின் உடம்புக்கு வேண்டியதெல்லாம் வேண்டிய அளவில் ஒரே பொட்டலமாக வந்து சேருகிறது. பாட்டி போட்ட தயிர்சாதம் அதற்கு மேலே ஒரு உபசாரம். பாட்டியின் பூனையைப் பாட்டி காப்பாற்றவில்லை. அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது.

இன்று நம் பூனை எங்கே இருக்கிறது? மூன்றாவது மாடியில் இருக்கிறது. பால்கனிக்கு வலை அடித்திருக்கிறோம். கீழே விழுந்துவிடக் கூடாது, கார்ச் சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அடித்திருக்கிறோம். ஆனால் அந்த வலையைக் கட்டின அன்றே அதன் வேட்டையை நாம் நிறுத்திவிட்டோம். இனி அதன் தட்டில் நாம் வைப்பது தவிர அதற்கு வேறு உலகம் இல்லை. உபசாரமாக இருந்த கவளம் இப்போது முழு ஜீவனம் ஆகிவிட்டது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் பாட்டியைச் சாட்சிக்கு இழுப்பது பாட்டிக்கும் நியாயம் இல்லை. பூனைக்கும் நியாயம் இல்லை.

பூனையின் உடம்பு நம் உடம்பு அல்ல. நாயின் உடம்பும் அல்ல. காரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள் பொருளை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளுகிறோம், பூனையால் முடியாது. அதற்கு அந்த வைட்டமின் மிருகப் பொருளிலிருந்து நேராக வர வேண்டும். டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளுகிறது. பூனையின் உடம்பு போதிய அளவு செய்துகொள்வதில்லை. இவையெல்லாம் நம் பிரியத்தைக் கண்டு இளகிவிடுகிற விஷயங்கள் அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், கெட்ட பொருளைப் போட்டுத்தான் பூனையைக் கெடுக்க வேண்டும் என்பதில்லை. நல்ல பொருளைப் போட்டே கெடுக்கலாம். ஈரல் நல்லது. தினமும் ஈரலே போட்டு வளர்த்த பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போய், கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளக்கூடத் தலை திரும்பாமல் போனதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1960களிலேயே எழுதி வைத்தார்கள். மீன் நல்லது. சில வகை மீன்களைப் பச்சையாகப் போட்டுக்கொண்டே வந்தால், அவற்றில் உள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1 ஐ அழித்துவிடுகிறது. பூனையின் தலை மார்பை நோக்கிக் கவிழ்ந்து, கடைசியில் வலிப்பில் கொண்டுபோய் விடுகிறது. பால் நல்லது என்று ஊரெல்லாம் நினைக்கிறது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை ஜீரணம் ஆவதில்லை. நம் குழம்பிலிருந்து எடுத்துப் போடுகிற கறித்துண்டில் ஊறியிருக்கும் வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களையே உடைக்கின்றன.

எலும்பில்லாத கோழிக்கறியும் நல்லதுதான். அது செய்த காரியத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தம்பதி இருந்தார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு பூனைக்குட்டியை எடுத்து வளர்த்தார்கள். அந்த அம்மாள் அதற்கென்று தனியாகக் கோழியின் நெஞ்சுக்கறி வாங்கி, எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமே என்று பார்த்துப் பார்த்து நீக்கி, உப்புப் போடாமல் வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டு, பிய்த்துப் பிய்த்து ஊட்டுவாள். வேறு எதுவும் கொடுப்பதில்லை. ஆறாவது மாதத்தில் ஒரு நாள் காலை, குட்டி பின்கால்களை இழுத்துக்கொண்டு வந்தது. தொட்டால் அலறிற்று. அன்று காலையில்தான் வேலைக்கார அம்மாள் வீடு பெருக்கிவிட்டுப் போயிருந்தாள்.

'நீதான் அடித்திருக்கிறாய்' என்றார்கள். 'சத்தியமாக இல்லை அம்மா, சோபாவிலிருந்து குதித்தது, அவ்வளவுதான்' என்றாள் அவள். பூனை சோபாவிலிருந்து குதித்துக் கால் ஒடிந்ததென்று யார் நம்புவார்கள்? அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடியிருப்பில் மற்ற வீடுகளிலும் அவளுக்கு வேலை போயிற்று. வாயில்லாப் பிராணியை அடித்தவள் என்ற பெயர் அவளுக்கு முன்னே படியேறிப் போயிற்று.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மிருக வைத்தியர், ஒடிந்த காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?' என்றுதான் கேட்டார். படத்தில் எலும்புகள் எலும்பாகவே இல்லை. சதையின் நிழலுக்கும் எலும்பின் நிழலுக்கும் வித்தியாசம் தெரியாமல் வெளிறிக் கிடந்தன. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கு இருந்தால் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது பங்கு இருக்கும். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறையச் சமமாக வேண்டும். உணவில் சுண்ணாம்புச் சத்து வராவிட்டால், ரத்தத்தில் அதன் அளவு இறங்காமல் காப்பதற்காக உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளுகிறது. ஆறு மாதம் அந்தக் குட்டி தன் எலும்பையே தின்றுகொண்டு வாழ்ந்திருக்கிறது. நல்ல வேளை, முதுகெலும்பு தப்பியிருந்தது. கூண்டில் அசையாமல் வைத்து, சரியான ஆகாரம் எழுதிக் கொடுத்தார், பிழைத்துக்கொண்டது.

வேலைக்கார அம்மாள் திரும்பி வரவில்லை. அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதை நான் கதையாக எழுதினால் பத்திரிகாசிரியர், 'ஒரு பூனையின் சாப்பாட்டுக்காக ஒருத்தியின் பிழைப்புப் போகுமா? நம்பும்படி இல்லையே!' என்று திருப்பி அனுப்பிவிடுவார். நம் அறியாமைக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலும் அது நாம் அல்ல என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

'அப்படியானால் பெட்டிக்கடையிலேயே பூனை உணவுப் பாக்கெட் விற்கிறதே, அதை வாங்கிப் போட்டால் போகிறது' என்பார்கள் சிலர். பூனைக்கு முழு உணவு என்று கணக்கிட்டுச் செய்த பாக்கெட்டை வாங்கிப் போடுகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. வழக்கெல்லாம், வீட்டிலேயே சமைத்துப் போடுகிறேன் என்று புறப்பட்டவர்களோடுதான். அவர்களுக்கும் நியாயமான காரணங்கள் இருக்கலாம். சில பூனைகள் பாக்கெட்டை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சிலவற்றுக்குச் சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை. சிலருக்குக் கம்பெனிகளிடம் நம்பிக்கை இல்லை. 2007ஆம் வருஷம் வட அமெரிக்காவில் விற்ற பிராணி உணவில் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்ததென்று கண்டுபிடித்து, கோடிக்கணக்கில் டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெற்றார்களே, அதை மறக்காதவர்கள். சமைக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கம்பெனிக்காரனிடம் கேட்கிற கேள்வியை நம் அடுப்பிடமும் கேட்க வேண்டாமா?

டாரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1975இல் வெளியாயிற்று. 1987இல் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் மிருக வைத்தியப் பகுதியைச் சேர்ந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: இருதயம் வீங்கித் தளர்ந்து செத்துக்கொண்டிருந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருந்தது, கொடுத்ததும் இருதயம் தேறிற்று. அந்தப் பூனைகள் குப்பையில் பொறுக்கித் தின்றவை அல்ல. விஞ்ஞானிகளை வைத்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகளின் உணவைத் தின்றவை. கம்பெனிகள் டாரினை அதிகப்படுத்தின. நோயும் அருகிப் போயிற்று. பரிசோதனைச் சாலை வைத்திருந்தவர்களே தவறிய இடத்தில், கறி வெந்த நீரைத் தொட்டியில் கொட்டுகிற நாம் தவறமாட்டோம் என்பது என்ன தைரியம்? டாரின் நீரில் கரைவது. அதில் ஒரு பகுதி அந்த நீரோடுதான் போகிறது. இருதயமாவது மருந்துக்குத் தேறும். அழிந்த விழித்திரை திரும்பி வராது.

இனி, கைபேசிப் பண்டிதர்கள். 'இதெல்லாம் வீடியோவில் இருக்கிறது சார்' என்கிறார்கள். இருக்கிறது, அதுதான் பயம். பூனைக்கு வீட்டில் சமைப்பதற்கென்று புத்தகங்களிலும் இணையத்திலும் வெளியான 114 சமையல் குறிப்புகளை அதே டேவிஸ் சர்வகலாசாலைக்காரர்கள் அலசிப் பார்த்து 2019இல் முடிவு சொன்னார்கள். பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு சத்து, அல்லது பல சத்துக்கள், குறைவாக இருந்தன. மிருக வைத்தியர்களே எழுதியவற்றிலும் குறை இருந்தது. அச்சில் வந்தது என்பதற்காக நம்பினவர்கள் ஏமாந்தார்கள் என்றால், ஆடிக் காட்டுகிற படத்தை நம்புகிறவர்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? இதனால்தான் இந்தக் கட்டுரையில் ஒரு சமையல் குறிப்பும் நான் தரப்போவதில்லை. நான் கதை எழுதுகிறவன்.

குறிப்பு வேறு, ஆலோசனை வேறு. குறிப்புக்கு உங்கள் பூனையைத் தெரியாது. ஆலோசனை சொல்லுகிறவர் முதலில் உங்களைக் கேள்வி கேட்பார். வயது என்ன, எடை என்ன, கருத்தடை செய்ததா, சினையா, பல் எப்படி, சிறுநீர் எப்படி, பக்கத்து வீட்டில் போய் என்ன தின்கிறது என்றெல்லாம் கேட்பார். ரத்தம் பார்க்கச் சொல்லுவார். பிறகு 'ஒரு கை', 'கொஞ்சம்' என்ற வார்த்தைகள் இல்லாமல், கிராம் கணக்கில் எழுதுவார். இன்ன எண்ணெய், இன்ன உருவத்தில் சுண்ணாம்புச் சத்து, இவ்வளவு டாரின் என்று எழுதுவார். இன்னதற்குப் பதில் இன்னது என்று நீங்களாக மாற்றக் கூடாது என்பார். இதுதான் நமக்குக் கசக்கும். கோழி விலை ஏறினால் மத்தி மீனுக்குத் தாவுவதும், மருந்துக் கடையில் டாரின் இல்லையென்றால் 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் நம் ரத்தத்தில் ஊறியவை. புது ஆகாரத்துக்குப் பழக்குவதையும் மெல்ல மெல்லத்தான் செய்யச் சொல்லுவார். 'பசித்தால் தானே தின்னும்' என்ற சமையலறைச் சட்டம் பூனையிடம் செல்லாது. நாலு நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாக, சில வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுவார். தான் எழுதியது சரிதானா என்று பார்க்கிறவர்தான் நிபுணர்.

சைவக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை. உங்கள் விரதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விரதம் என்பது எடுத்துக்கொள்வது. இன்னொரு ஜீவனின் மேல் ஏற்றிவைப்பது அல்ல. பூனை உங்களிடம் தீட்சை பெறவில்லை. பருப்புச் சாதத்தில் அதன் கண் மங்கினால், அந்த ஹிம்சைக்கு என்ன பெயர்? வீட்டில் மாமிசம் நுழையக் கூடாதென்றால், வளர்க்கிறதற்கு முயல் இருக்கிறது, பசு இருக்கிறது. பூனைதான் வேண்டும் என்றால், என்ன செய்யலாம் என்று தெரிந்தவரிடம் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. 'மனிதக் குழந்தைக்கே சத்துணவு போதாத நாட்டில், பூனைக்கு உணவு ஆலோசகரா?' என்பது. இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலரும், பூனைக்குப் பட்டுக் கழுத்துப்பட்டி வாங்கினபோது கேட்கவில்லை. அதன் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டினபோது கேட்கவில்லை. அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினபோது கேட்கவில்லை. அறிவுக்குக் காசு கொடுக்கச் சொன்னால் மட்டும் ஏழைக் குழந்தையின் ஞாபகம் வந்துவிடுகிறது. பூனை வளர்க்கவேண்டும் என்ற கட்டாயம் ஒருவருக்கும் இல்லை. வளர்க்காதவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கதவைச் சாத்தி ஓர் உயிரை உள்ளே வைத்துக்கொண்டவருக்குத்தான் கடமை வந்து சேருகிறது. ஏழையின் பெயரைச் சொல்லி அந்தக் கடமையிலிருந்து தப்பிக்க ஏழை நமக்கு அனுமதி கொடுக்கவில்லை.

படித்தவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சென்னை வேப்பேரியில் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1903இல். கால்நடை மருத்துவத்துக்கென்று இந்தியாவிலேயே முதல் பல்கலைக்கழகம் 1989இல் தமிழ்நாட்டில்தான் ஏற்பட்டது. மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் நம்மவர்களுக்கு உள்ள ஞானத்தை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பூனை வைத்தியமும் உணவுக் கணக்கும் சேர்ந்து கைவந்தவர்கள் நம் நாட்டில் குறைவு. கேட்கிறவர்கள் இல்லை, அதனால் படிக்கிறவர்கள் இல்லை என்பது அவர்கள் பதிலாக இருக்கும். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. நாம் ஊசி போடவும் கருத்தடை செய்யவும்தான் பூனையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். 'என்ன சமைக்கட்டும்?' என்று கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்தால், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் தாமாக உண்டாவார்கள். உள்ளூர் வைத்தியருக்குத் தெரியாவிட்டால் அவர் தெரிந்தவருக்குக் கடிதம் எழுதுவார். 'எனக்குத் தெரியாது, இன்னாரிடம் கேட்கிறேன்' என்று சொல்லுகிற வைத்தியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, வீட்டில் பூனைக்குச் சமைக்கிற வாசகர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் அது தின்றதையெல்லாம், நீங்கள் போட்டது, குழந்தை போட்டது, எதிர்வீட்டு மாமி கொடுத்தது எல்லாவற்றையும், தராசில் வைத்து எழுதுங்கள். பூனையையும் நிறுத்துப் பாருங்கள். எட்டாம் நாள் அந்தப் புத்தகத்தையும் பூனையையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். வழியில் யாராவது சிரித்தால், அவர்கள் வீட்டுப் பூனை என்ன தின்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.